நூறடி தள்ளி நிறுத்திய வண்டி

மே 4, திங்கள்

எட்டு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்து. ஜாமீன் தந்தபோது போட்ட நிபந்தனை, மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை பத்து மணிக்கு. பத்து மணி எனக்குத்தான். கையெழுத்து நோட்டு வெளியே வருவது அவர்கள் சௌகரியம். அதுவரை வேப்பமரத்தடி பெஞ்சு.

பெஞ்சில் உட்கார்ந்து செல்லில் கேம். போலீஸ் துரத்துகிற கார் ரேஸ். சத்தத்தை அடைத்துவிட்டு ஆடினேன். ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்து போலீஸிடமிருந்து தப்பிக்கிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

நடந்ததை வரிசையாக எழுதி மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கிறார் வக்கீல். இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

போன மாதம். செல்வம் மாமாவின் காளையை மஞ்சுவிரட்டுக்குக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அலங்காநல்லூர் தாண்டி, பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் திடீரென்று ரோட்டுக்கு வந்து கை காட்டினார். நான் பிரேக்கை அழுத்தி மிதிக்கவில்லை. பின்னால் காளை நிற்கிறது. சடாரென்று மிதித்தால் முன்னங்கால் மடங்கி விழும். கால் முறிந்தால் காளை அவ்வளவுதான். காளை ஏற்றி ஓட்டுகிற எவனும் மிதிக்க மாட்டான். வேகத்தைக் குறைத்துக் குறைத்து நூறடி தள்ளிப் புளியமரத்தடியில் நிறுத்தினேன். நானே இறங்கி நடந்து வந்தேன். அதற்குள் அவர் ஒதுங்கப்போய் வாய்க்காலில் சறுக்கி முழங்கையில் சிராய்ப்பு.

எஃப்.ஐ.ஆரில்: அதிவேகமாக வந்து, நிற்காமல் சென்று, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்து. குட்டியானை அதிவேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

இது வேறு எந்த வருஷம் நடந்திருந்தாலும் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பேன். இப்போது அரசு பஸ் டிரைவர் வேலைக்குத் தேர்வாகி இருக்கிறேன். ஆள் எப்படி என்று கேட்கிற போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. வழக்கு இருந்தால் வேலை இல்லை. வழக்கை ரத்து செய்யக் கேட்டு மனு போட்டாயிற்று. விசாரணைத் தாள் ஸ்டேஷனுக்கு வருவதற்குள் ரத்தாக வேண்டும். பயமாக இருக்கிறது.

வாங்க: கொசுவத்தி, வீட்டுக்காரி தனத்துக்குத் தலைவலி மாத்திரை, ரீசார்ஜ்.

மே 5, செவ்வாய்

கையெழுத்து ஆச்சு. பெஞ்சில் பாதி வெயில்.

குட்டியானை ஓனர் சாவியை வாங்கிக்கொண்டது வாங்கிக்கொண்டதுதான். 'கேஸு முடியட்டும்ப்பா, அப்புறம் பாப்போம்.' சோழவந்தான் வெற்றிலை லோடை வேறு பையன் அடிக்கிறான். கியர் மாற்றத் தெரியாதவன். எதிரே வந்தான், ஹாரன் அடித்துக் கை காட்டினான். நானும் காட்டினேன்.

செல்வம் மாமாவை டீக்கடையில் பார்த்தேன். சாட்சிக்கு வருகிறேன் என்கிறார். காளை நன்றாக இருக்கிறதாம், பருத்திக்கொட்டை வைக்கிறாராம். 'காளைக்கு ஒண்ணும் ஆகலேல்ல மாப்ள, அது போதும்.' அவருக்குப் போதும்.

மத்தியானம் முழுக்க கேம். வேறு வேலை என்ன இருக்கிறது? கேமில் வரும் ஊரில் ரோடு எப்போதும் மழை பெய்து நனைந்த மாதிரி மினுங்குகிறது. பள்ளம் இல்லை, ஆடு குறுக்கே வராது. முந்நூறில் போகலாம். பஸ் ஸ்டாப்பை இடித்தால் கண்ணாடி தெறிக்கிறது, உள்ளே ஆள் கிடையாது. கார் அப்பளமாக நொறுங்கினாலும் மூன்று எண்ணுவதற்குள் புதுசாகி ரோட்டில் நிற்கிறது. போலீஸ் ரோட்டில் ஆணிப்பட்டை விரிக்கிறான், ஹெலிகாப்டர் கொண்டு வருகிறான், என் ஒருத்தனுக்காக. ஏதோ பாலத்தடியில் விளக்கை அணைத்து நின்றால் போதும், மூலையில் இருக்கும் மேப்பில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விலகிப் போகும். அவ்வளவுதான். மறந்துவிட்டார்கள். அந்தப் புள்ளிகள் விலகும்போது நெஞ்சில் ஒரு சுகம் வருகிறது, அதற்காகத்தான் ஆடுகிறேன் என்று நினைக்கிறேன். நிஜத்தில் என்னை யாரும் துரத்தவில்லை. தினமும் நானே டிக்கெட் எடுத்துப் போகிறேன்.

மே 6, புதன்

கையெழுத்து. அங்கிருந்து தல்லாகுளம், வக்கீல் ஆபீஸ். ஃபேன் கீழே என்னோடு இன்னும் நாலு பேர். என் முறை வந்தது.

'மனு லிஸ்ட்ல வரலப்பா. கோடை லீவு விட்டாச்சு. இனி ஜூன்லதான்.'

'சார், விசாரணைத் தாளு அதுக்குள்ள வந்துருமே.'

'வந்தா வரட்டும். அர்ஜென்ட்னு லீவு கோர்ட்ல எடுக்கச் சொன்னா, நீ என்ன ஜெயில்லயா இருக்கன்னு கேப்பாங்க.'

காளை விஷயத்தைத் திரும்ப ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். 'போலீஸ் கை காட்டியும், மாடு விழுந்துரும்னு நிறுத்தலன்னு நீயே சொன்னா, அதுக்குப் பேரு ஒப்புதல்.'

நான் நிறுத்தினேன். நூறடி தள்ளி நிறுத்தினேன். இதைச் சொல்ல ஒரு இடமும் இல்லை.

பெரியார் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டே வந்தேன். அவர் கிளட்சை மிதிக்கும் லாவகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜன்னல் தூசி என்று பக்கத்து ஆளிடம் சொன்னேன், அவர் கேட்கவே இல்லை.

தனத்திடம் லீவு விஷயத்தைச் சொல்லவில்லை.

மே 7, வியாழன்

வெயில், புழுக்கம், கரண்ட் இல்லை. தனம் வீட்டைக் கழுவிவிட்டிருக்கிறாள். விசாரணைக்குப் போலீஸ் வீடு தேடி வரும், அக்கம்பக்கம் கேட்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புதுசாக நாலு டம்ளர், ஒரு பாக்கெட் பிஸ்கட். எதிர்வீட்டு அக்காவிடம் பேசுவது எனக்குக் கேட்டது.

'கேட்டா என்ன சொல்லுவீக?'

'தங்கமான பையன்னு சொல்லுவேன்டி.'

'தங்கம்லாம் வேணாக்கா. குடிக்க மாட்டாரு, சண்டைக்குப் போக மாட்டாருன்னு மட்டும் சொல்லுங்க. அம்புட்டுதான் கேப்பாக.'

ஸ்டேஷனில் இன்று ஒரு கூத்து. தினமும் கையெழுத்து வாங்கும் ஏட்டையா டீ டம்ளரோடு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். செல்லை டப்பென்று கவிழ்த்தேன். 'அட குடுய்யா' என்று வாங்கினார். என்னைவிட நன்றாகவே ஓட்டினார். மூன்று போலீஸ் காரை உருட்டிவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. 'இம்புட்டுப் பேரு சேந்து ஒருத்தனப் புடிக்க முடியல பாரு' என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, செல்லைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போனார். நல்ல மனுஷர்தான்.

மே 8, வெள்ளி

கையெழுத்து. நகம் வெட்டினேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதப் பார்த்தேன், ஆனால் சாயங்காலம் தனம் கேம் ஆடினாள்.

'நாளெல்லாம் இதுல என்னதான் இருக்கு, குடுங்க பாப்போம்.' சொல்லிக் கொடுத்தேன். வண்டி கிளம்பியது. லாரியை ஒட்டிப் போகாதே என்று நான் கத்துமளவு வேகமாகவே போனாள். பின்னால் சிவப்பு நீல விளக்கு வந்ததும் ஓரம் கட்டினாள். முழுசாக நிறுத்திவிட்டாள்.

'ஏன் நிப்பாட்டுற? ஓட்டு, ஓட்டு.'

'போலீஸ் வந்துருச்சுல்ல.'

நாலு கார் வந்து நாலு பக்கமும் இடித்தது. ஒன்று மேலேயே ஏறியது. பிடிபட்டாய் என்று திரை சிவப்பானது.

'நின்னுட்டேன்ல? நின்னவள எதுக்கு இடிக்கிறானுக?'

கேமில் நிற்பதற்கு என்று ஒரு பட்டனும் இல்லை, பிரேக் வளைவுக்குத்தான் என்றேன். அவள் செல்லை என் மடியில் வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். இன்னொரு ஆட்டம் ஆடலாம் என்று எடுத்தேன். ஆடாமலே அணைத்து வைத்தேன். நான் அன்றைக்கு நின்றதும் அதே மாதிரிதானே. ஓடியிருந்தால்கூட வண்டி நம்பரை மட்டும்தான் எழுதியிருப்பார்களோ என்னவோ. இப்படியெல்லாம் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மே 9, சனி

வானம் மூட்டம். மழை இல்லை.

கையெழுத்துப் போட்டதும் கிளம்பப் பார்த்தேன். ஏட்டையா உள்ளே கூப்பிட்டார். ஸ்டேஷனுக்குள் நாற்காலியில் உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. மேஜையில் ஒரு கவர், பிரித்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் விசாரணைத் தாள்.

'ஸ்டேஷன்ல எழுதுற ரைட்டர் லீவு தம்பி. எனக்குக் கண்ணு ரெண்டும் எரியுது. உன் கையெழுத்த தெனம் பாக்குறேன், முத்து முத்தா இருக்கு. நான் சொல்லச் சொல்ல எழுதிரு, டைப்புக்கு அனுப்பணும்.'

வெள்ளைத் தாள், அவர் பேனா. எழுதினேன். மேற்படி நபரின் முகவரி சரியாக உள்ளது. மேற்படி நபர் கடந்த பத்தாண்டுகளாக அங்கு வசித்து வருகிறார்.

'அக்கம்பக்கம் போய்க் கேக்கணும். இந்தப் புழுக்கத்துல யாரு போறது? நல்ல பெயர் உள்ளதுன்னு போட்டுக்க. உன்ன எனக்குத் தெரியாதா?'

போட்டேன். நல்ல பெயர் உள்ளது.

கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனினும் மேற்படி நபர் மீது இந்நிலையத்தில் குற்ற வழக்கு ஒன்று நிலுவையில் உள்ளது. குற்ற எண்ணைக் கேட்டார். எனக்கு மனப்பாடம். எழுதினேன். எனவே பணிக்குப் பரிந்துரைக்க இயலவில்லை.

'இல்லாதத எழுதலையே தம்பி.'

'இல்ல ஏட்டையா.'

ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். நடுவில் தண்ணீர் கொடுத்தார். அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை என்று மடித்துக் கவரில் போட்டார்.

வீட்டுக்கு வரும்போது தனம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். டீக்கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம், போலீஸ் வந்து கேட்டால் வீட்டை ஒழுங்காகக் காட்டச் சொல்லி.

'இன்னைக்கும் வரலைங்க. திங்கக்கிழம கண்டிப்பா வருவாக. கையெழுத்துப் போட்டுட்டு வெரசா வந்துருங்க, நீங்க இல்லாட்டி நல்லா இருக்காது.'

சரி என்றேன்.