பங்குனி வேட்டும் கண்மாய் நாரைகளும்

மார்ச் 12

ஆனைக்குட்டம் தாண்டி இருக்கும் கண்மாயில் சங்குவளை நாரைகள் குஞ்சு பொரித்துவிட்டன. கருவேல மரமெல்லாம் கூடு. பறவை அறக்கட்டளையின் தலைவி நான், மகிழத்தான் வேண்டும். ஆனால் பங்குனிப் பொங்கல் வாணவேடிக்கையும் அதே கரையில்தான். இருட்டில் தாய்ப்பறவைகள் பதறி எழுந்தால் குஞ்சுகள் கீழே விழும். சிவகாசிப் பக்கத்தில் போய் வேட்டு வேண்டாம் என்பதா? நல்ல வேலை எனக்கு.

மார்ச் 14

சூலக்கரை கலெக்டர் ஆபீஸ். "வாணவேடிக்கைக்குத் தடை போட்டுரலாமா மேடம்?" என்று அதிகாரி உடனே கேட்டார். ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். இந்த வருஷம் வேட்டு நிற்கும். ஊர்க்காரர்கள் கோபத்தில் அடுத்த வருஷம் மரம் நிற்காது.

மார்ச் 16

ஊர்க்கூட்டம். அரை மணி நேரம் படம் போட்டுப் பேசினேன். விழாக் கமிட்டித் தலைவர் முத்துக்கிருஷ்ணன் கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை. பட்டாசுக் கம்பெனி முதலாளி. வாணவேடிக்கை அவர் உபயம்.

"நாரை கோவிச்சா சமாளிச்சிரலாம் மேடம். அம்மன் கோவிச்சா?"

பின்வரிசையிலிருந்து அவர் மனைவி ஞானசுந்தரி: "நம்ம ரோஷினி பொறந்தப்ப தெரு முக்குல சரம் வெடிச்சவனை அடிக்கப் போனீக. அப்ப மட்டும் அம்மன் கோவிக்கலையாக்கும்?"

கூட்டம் சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்து கேட்டேன்: கரைக்குப் பதிலாக, ஊருக்கு வடக்கே பொட்டலில் வைத்தால் என்ன?

"அங்கன போட்டா பக்கத்து ஊர்க்காரனுக்குல்லா நல்லாத் தெரியும்!" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"தெரியட்டுமே. வயிறெரியட்டும்."

நானா பேசினேன்? முனைவர் பட்டம் வாங்கிய வாய்!

அவர் மீசையைத் தடவினார். "அப்பம் இன்னும் ஒரு லோடு சேத்துல்லா போடணும்..."

ஐயோ.

மார்ச் 29

சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏப்ரல் 2

பொட்டலில்தான் வைத்தார்கள்! ஊரே அங்கே. நான் மட்டும் கரையில், வாணவேடிக்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பைனாகுலரும் கையுமாக. முதல் வேட்டுக்கு நாரைகள் எழுந்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டில் அமர்ந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

மே 18

குஞ்சுகள் கண்மாய்க்கு மேலே வட்டமடிக்கின்றன. கரையில் புது ஃபிளெக்ஸ்: "எங்கள் ஊர் நாரைகள். இங்கு வெடி வெடிக்கக் கூடாது — விழாக் கமிட்டி." நடுவில் முத்துக்கிருஷ்ணன் கும்பிட்டபடி. பக்கத்தில் பறவைப் படம் — சங்குவளை நாரை இல்லை, பூநாரை. இந்தக் கண்மாயில் அது வந்து நான் பார்த்ததே இல்லை.

"எப்படி மேடம்? நாரை அச்சு அசலா இருக்குல்ல?" என்றார் பக்கத்தில் நின்ற முத்துக்கிருஷ்ணன்.

"ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி" என்றேன்.