நாரை மேல் அப்பிய களிமண்

நன்று நிலைக்க. மழை தவறாதிருக்க. நாரைக்கொடி உயர்த்தி வெண்கரை நாடு முழுவதும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் அடலேறு பெருமானின் திருவாய்மொழி கேட்டு, ஓலைநாயகன் காரையூர்க் கிழான் எழுதிவிடுத்த இவ்வோலையைச் சிறுகுன்ற நாட்டுத் தலைவர் பொறையன் செங்கணார் கண்டு தெளிக. தங்கள் கோட்டையும் குடிகளும் கன்றுகாலிகளும் நலம் பெறுக.

தங்கள் ஓலை வந்தது. தாங்கள் ஏரிக்கு வேலியடைத்ததால் மண்ணெடுக்க வழியற்ற குயவர்கள் தங்கள் கோட்டை வாயிலில் திரண்டதையும், அவர்களுள் உமையாள்வி என்பாள் வாயிலில் செதுக்கிய அரச நாரையின் முகத்தில் களிமண்ணை அப்பியதையும், அன்று கடையை மூடி அவர்களுடன் வர மறுத்த மோர்க்காரி காரிநங்கையின் பானைகள் ஏழையும் உதைத்து உடைத்ததையும் அறிந்தோம். நாரைக்கு ஆறு ஏடுகள் எழுதிய தாங்கள் மோர்ப்பானைக்கு அரை வரி ஒதுக்கியதையும் கண்டோம். இது அரச நிந்தை என்றும், இன்று மண் அப்பியவர் நாளை தீ வைப்பர் என்றும், அவள் வலக்கைப் பெருவிரலைக் களைய இசைவு வேண்டுமென்றும் கேட்டிருந்தீர்கள்.

விரலைக் களைவதே முறை என்று அவையில் முதலில் உரைத்தவன் இந்த ஓலைநாயகனே. அதை மறைப்பதற்கில்லை.

தாங்கள் காவலுடன் அனுப்பிய உமையாள்வியையும், நாரையிலிருந்து சுரண்டிச் சான்றாகப் பனைப்பெட்டியில் இட்டனுப்பிய மண்ணையும் முன்வைத்துப் பெருமான் விசாரித்தார். மண் அப்பியது தானே என்றும், தன் வீட்டில் எஞ்சிய கடைசி உருண்டை அதுவே என்றும், அதில் ஒரு சட்டிகூடத் தேறாதென்பதால் அரசராவது காணட்டுமென்று அப்பியதாகவும் அவள் தலைநிமிர்ந்து சொன்னாள். பானைகளைப் பற்றிக் கேட்டபோதோ தலை கவிழ்ந்தாள். அவை தன் கையால் வனைந்தவை என்றும், கோபம் கண்ணை மறைத்ததென்றும், காரிநங்கை தனக்கு ஒரு தீங்கும் செய்தவளல்லள் என்றும் சொல்லி அழுதாள். ஓலைநாயகன் எழுத்தாணியைத் துடைப்பவன்போல் குனிந்துகொண்டான்.

நாரை சேற்றில் நிற்கும் பறவைதானே என்று பெருமான் நகைத்தார். தம்மேல் பட்ட சேற்றைத் தாம் பொறுப்பதாகவும், காரிநங்கையின் இழப்பைப் பொறுக்கத் தமக்கு உரிமையில்லை என்றும், தீ வைத்தால் அன்றைக்குத் தீயை விசாரிக்கலாம் என்றும் அருளினார்.

ஆகவே ஆணை இது. உமையாள்வி நாரையைத் தன் கையாலேயே கழுவுக. வரும் முழுநிலவுக்குள் ஏழு பானைகள் வனைந்து, உடைத்த இடத்திலேயே நின்று, ஊரார் காணக் காரிநங்கையிடம் கொடுத்துப் பொறுத்தருள வேண்டுக. பெருவிரலின்றிப் பானை எழாது. ஆதலால் விரலுக்கு ஊறு நேரலாகாது. மண்ணின்றியும் எழாது, ஆதலால் இவ்வோலை கண்ட பொழுதே ஏரியின் வேலியைத் தாங்கள் பிரிப்பித்து, குயவர் பண்டுபோல் மண்ணெடுக்க விடுக. தவறினால் காரிநங்கைக்குப் பானை வராமல் தடுத்தவர் தாங்களே ஆவீர்கள்.

இவ்வோலைக்கு அரக்கு இடவில்லை. தாங்கள் சான்றாக அனுப்பிய மண்ணையே உமையாள்வி குழைத்துக் கொடுக்க, அதன்மேல் பெருமான் தம் கையால் நாரை இலச்சினை ஒற்றினார். ஓரத்தில் பதிந்திருப்பது அவள் பெருவிரல். ஓலையைப் பிரிக்கத் தாங்களும் அந்த நாரையை உடைத்திருப்பீர்கள். அது குற்றமாகக் கொள்ளப்படாது.