தார் ரோட்டை விட்டு யார் இறங்குவது

காஞ்சிபுரம்
12-3-1973

அன்புத் தங்கை அம்சாவுக்கு,

உன் கடிதம் வந்தது. குழந்தை மணிக்கு இருமல் நின்றுவிட்டது என்று படித்ததும் உன் அண்ணி ஞானம்மாளுக்குத்தான் முதலில் மூச்சு வந்தது.

மாப்பிள்ளை கார் வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். மணவூர் டாக்டர் விற்கிற சின்ன காரா, பள்ளிப்பட்டு ரைஸ்மில்காரர் விற்கிற பெரிய காரா என்று தினம் ஒரு கட்சி மாறுகிறாராமே. என்னைக் கேட்டால் பெரியதுதான். போன மாதம் வாலாஜா ரோட்டில் ஒரு பெரிய காரும் சின்ன காரும் மோதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். பெரிய காரில் வந்தவர் கதவைத் திறந்து இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நின்றார். சின்ன காரில் வந்தவரைக் கடப்பாரை போட்டுத்தான் எடுத்தார்கள். அதற்குமேல் எழுத வேண்டாம்.

பெட்ரோல் குடிக்கும் என்று மாப்பிள்ளை சொல்வார். குடிக்கட்டும். சேலைக் கட்டுகளோடு அம்மையார்குப்பத்துக்கும் மெட்ராசுக்கும் ஓயாமல் அலைகிற மனிதர். நீயும் குழந்தையும் கூடவே போவீர்கள். நீங்கள் மட்டும் சின்ன டப்பாவை ஓட்டுகிறீர்களே என்று கேட்பாய். எங்களுக்கு என்ன, பிள்ளையா குட்டியா, இரண்டு பேருக்கு அது போதும். நீ பத்திரமாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் உன் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுக்காதே.

உன் அண்ணன்
ஜெகநாதன்


திருத்தணி
2-6-1973

அண்ணாவுக்கு அம்சா வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதத்தை இவரிடம் காட்டினேன். "பாவா சொன்னா சரிதான்" என்று உங்கள் மேல் பாரத்தைப் போட்டு ஒரே பேச்சில் முடித்துவிட்டார். நான் மாதக்கணக்கில் கத்தியது காதில் ஏறவே இல்லை. பெரிய கார் வந்துவிட்டது. மலைமேல் கொண்டுபோய்ப் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். வாசலில் நின்றால் பாதித் தெருவை அடைக்கிறது. எதிர்வீட்டு கோவிந்தம்மாள், "ஏம்மா, கார வுட்டுட்டு வூட்ட இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டக் கூடாதா?" என்று கேலி பேசுகிறாள்.

ஒரு மனக்குறை உண்டு. நம் பக்கத்து ரோடு உங்களுக்குத் தெரியாததா? ஒரு வண்டி போகத்தான் தார் இருக்கிறது. எதிரில் ஏதாவது வந்தால் சின்ன வண்டிதான் மண்ணில் இறங்க வேண்டும். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த வரைக்கும் இவர் எல்லாருக்கும் இறங்கினார். இப்போது லாரிக்கும் பஸ்ஸுக்கும் தவிர யாருக்கும் இறங்குவதில்லை. கேட்டால், "இத்தினி வருஷம் நான் எறங்கிகினு இருந்தேன். இப்ப அவனுங்க எறங்கட்டும்" என்கிறார். உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்குப் பயம் இல்லை. எதிரில் வருகிறவன் முகத்தைப் பார்க்கத்தான் முடியாமல் தலையைக் குனிந்துகொள்கிறேன். நீங்கள் வரும்போது இவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஆனியில், ஜூலை முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, மணிக்குக் காது குத்து வைத்திருக்கிறோம். தாய்மாமன் மடி இல்லாமல் நடக்குமா? அண்ணியோடு வந்துவிடுங்கள். இவர் எங்களையும் ஏற்றிக்கொண்டு அரக்கோணம் ரோட்டில் எதிர்கொண்டு வந்து உங்களை அழைத்துவருவாராம். மரியாதை உங்களுக்கில்லை, காரைக் காட்டுவதற்கு!

தங்கை
அம்சா


காஞ்சிபுரம்
18-6-1973

அன்புள்ள அம்சா,

கட்டாயம் வருகிறோம். எங்கள் சின்ன காரை வழியில் மாட்டுவண்டிக்காரன்கூட மதிப்பதில்லை. நானும் தலையெழுத்தே என்று இறங்கி இறங்கி ஏறுகிறேன். ஆனால் முதல் தேதி மட்டும் உங்கள் வீட்டில் நான்தான் ராஜா. மாப்பிள்ளையிடம் சொல்லிவை. மற்றதை நேரில் பேசிக்கொள்கிறேன்.

ஜெகநாதன்

அம்சா, உங்க அண்ணன் எழுதி முடிச்சதும் பேனாவப் புடுங்கிட்டேன். சீர்த்தட்டு வாங்கறாரு, வாங்கறாரு, கடையே காலி. தட்டெல்லாம் கார்ல உக்காந்துகினா நான் எங்க உக்கார்றதாம்? மணி அழுதா என்கிட்ட குடுத்துடு, உனக்கு சமாதானம் பண்ணத் தெரியாது. உன் வூட்டுக்காரர் மண்ணுல எறங்க மாட்டாராமே? வரேன், வந்து கேக்கறேன். - ஞானம்மாள்


திருத்தணி
9-7-1973

அண்ணா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அண்ணியை எடுத்த அன்று உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். அண்ணியின் தங்கை கௌரியம்மாள், "உள்ள வராதம்மா, உன்னப் பாத்தா அவரு தாங்க மாட்டாரு" என்றார். திரும்பிவிட்டேன்.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரு கீறல் இல்லை. மணியின் தலையில் வைத்த பூகூடக் கலையவில்லை. தினம் யாராவது வந்து, "பெரிய வண்டி, அதான் முருகன் காப்பாத்திட்டான்" என்கிறார்கள். என் மாமியார் பால்குடம் எடுக்கச் சொல்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். எந்த வாயால் அண்ணா அந்தச் சாமிக்கு நன்றி சொல்வேன்?

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை மறைக்க மாட்டேன். தூரத்தில் உங்கள் கார் தெரிந்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஹாரனை அடித்துக்கொண்டே, "மாமா வராரு பாரு" என்று மணிக்குக் காட்டினார். "ஏங்க, எறங்குங்க" என்றேன். "சின்ன வண்டிதானே, பாவா எறங்கிடுவாரு" என்றார். நீங்கள் இறங்கவில்லை. கடைசியில் ஒடித்துத் திருப்பப் பார்த்தார், நடக்கவில்லை.

இவர் சோற்றைத் தொடுவதில்லை. போலீசில் கேஸ் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் சொல்வதை வைத்துத்தான் எல்லாமாம். ஆடு குறுக்கே ஓடிவந்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வீட்டில் எல்லாரும் என்னை நெருக்குகிறார்கள். கேட்க நா கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன் அண்ணா. இவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் குழந்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? என்னைத் திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

அம்சா


காஞ்சிபுரம்
2-8-1973

அம்சாவுக்கு,

கட்டுப் பிரித்த கை இப்போதுதான் பேனா பிடிக்கிறது. அதனால் தாமதம்.

ஆடு வந்தது என்று நான் சொல்லவில்லை. ஞானம்மாள் செத்ததற்கு ஓர் ஆட்டின் மேல் பழிபோட மனம் வரவில்லை. தப்பு என்னுடையது, நான்தான் இறங்கியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். உன் வீட்டுக்காரரை இனி யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அவரைச் சாப்பிடச் சொல்.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அன்றைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பியது முதல் எதிரில் வந்த எல்லா வண்டிக்கும் மண்ணில் இறங்கித்தான் வந்தேன். அவர் காரைப் பார்த்தபோதுதான் இறங்கவில்லை. இன்றைக்கு நான் தாய்மாமன், சீரோடு வருகிறேன், எதிர்கொண்டு அழைக்க வருகிறவர்தானே ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஹாரன் அடித்ததும் இறங்கத்தான் போகிறார் என்று எண்ணிக்கொண்டேன். ஞானம்மாள் சிரித்துக்கொண்டே, "இன்னாங்க, நம்ம மாப்பிள்ளதானே, நீங்க எறங்குனா கொறைஞ்சா பூடுவீங்க?" என்றாள். "இன்னிக்கி ஒரு நாள் அவரு எறங்கட்டும்" என்றேன். நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது இதுதான்.

அவள் தங்கை வீட்டார் உங்கள் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். பெரிய காரை வாங்கச் சொன்னது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

நீயும் குழந்தையும் அந்தக் கார் இருந்ததால்தான் பிழைத்தீர்கள். சின்னதை வாங்கியிருந்தால் உங்களையும் கடப்பாரை போட்டு எடுத்திருப்பார்கள். அதை நினைத்துச் சந்தோஷப்படுகிறேன் அம்சா, சத்தியமாகச் சந்தோஷப்படுகிறேன். உடனே, என்ன மனுஷன் நான், இவள் போய்விட்டாளே, எதற்குச் சந்தோஷப்படுகிறேன் என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். உன் பெயரை யாராவது சொன்னாலே இந்த இரண்டும் சேர்ந்து வருகிறது. என்னால் முடியவில்லை.

எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உன் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன். நம் பெரியப்பா மகன் நாகராஜனும் மணிக்கு மாமன் முறைதான். அவன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிடுங்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். இங்கே எழுதவும் வேண்டாம். எழுதினால் பிரிக்க மாட்டேன்.

ஜெகநாதன்