நாம் வாங்காத ரிவோல்வர்

இன்று காலை தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். புட்டியைத் திறந்ததும் எழுந்த மணத்தில் கை நின்றுவிட்டது. சனிக்கிழமைகளில் உங்கள் சட்டையோடு வீட்டுக்குள் வந்த மணம் அது. நீங்கள் போய் ஒரு மாரி முடிந்துவிட்டது. பதினெட்டு வருடம் உங்கள் மனைவியாக இருந்தும் உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

டெனிஷ் நகரமான ஓல்போர்க்கின் துறைமுகத்தில் நீங்கள் வேலை செய்த பட்டறையில் உங்கள் பெயரை ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. சனிக்கிழமைகளில் ஒரு பாடசாலையின் நிலவறையில் நடந்த சுடும் கழகத்திலோ நீங்கள் சுட்ட குறித்தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். இரவல் துவக்கால் சுட்டே அப்படி. கழகத்தின் மூத்த டெனிஷ்காரர், தன் கை நடுங்கத் தொடங்கிவிட்டதால், தன் பழைய ரிவோல்வரை உங்களுக்கே விற்க விரும்பினார்.

அந்த மாதந்தான் ஊரிலிருந்து அண்ணியின் கடிதம் வந்தது. அப்பாவின் வேட்டைத் துவக்கை எப்போதோ பொலிசில் ஒப்படைத்தாயிற்று. ஆனால் துவக்கு இருந்த வீடு என்று பொலிஸ் பதிவில் எங்கள் வீட்டு விலாசம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வந்தவர்கள் அண்ணாவைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

"இஞ்சை பொலிசுக்குச் சொல்லிப்போட்டுத்தானே வைச்சிருக்கப் போறன். ஒளிச்சே வைக்கிறன்?" என்று கேட்டீர்கள்.

"அதுதான் எனக்குப் பயம்."

சிரித்தீர்கள். "உமக்குத் துவக்கிலை பயமில்லையப்பா. கடுதாசியிலைதான் பயம்."

உண்மைதான். அனுமதிக்கான படிவம் ஒரு கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பெயர், தெரு, எத்தனையாம் மாடி, எல்லாம் உங்கள் அழகான எழுத்தில். மேசை துடைக்கும் சாட்டில் நான் லாச்சியை இழுத்து அதை உள்ளே வைப்பேன். நீங்கள் எடுத்துத் திரும்ப மேசையில் வைப்பீர்கள். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

சனிக்கிழமை என்னையும் கழகத்துக்கு அழைத்துப் போனீர்கள். கோப்பியும் கேக்கும் தந்த பிறகு அந்த மூத்தவர் ரிவோல்வரை எடுத்தார். குண்டு போடும் உருளையைத் திறந்து, ஆறு துளையும் வெறுமை என்று நம் இருவருக்கும் காட்டிவிட்டுத்தான் கையில் தந்தார். அங்கே அதுதான் வழக்கம். நீங்கள் நெடுநேரம் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு என்னிடம் நீட்டினீர்கள்.

"பாரும். ஊரிலை லாப்பிலை மைக்ரோஸ்கோப் பிடிச்ச கண் உம்மடை. உருளை ஆடுதோ, குழலுக்கை கறள் இருக்கோ?"

விளக்குக்கு நேரே பிடித்தேன். குழலின் உட்புறம் துருவே இல்லாமல் துடைத்த கண்ணாடிபோல் மினுங்கியது. உருளை அசையவே இல்லை. பழையதுதான், ஆனால் ஒரு குறையும் இல்லை. தமிழில் சொன்னேன்:

"ஆடுது. எடுக்காதேங்கோ."

என் முகத்தைப் பார்த்தீர்கள். "நீர் சொன்னாச் சரி." அவரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று டெனிஷில் சொன்னீர்கள். ஏன் என்று சொல்லவில்லை. உருளை ஆடுகிறது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அது அன்று எனக்கு உறைக்கவில்லை. உங்களை அடக்கம் செய்த அன்று, கோப்பி மேசையில், பட்டறை நண்பர் ஒருவர் உங்களைப் பற்றிக் கதைத்தார். அளவுகருவி வைப்பதற்கு முன்பே பெருவிரலை வைத்து எஞ்சினில் எங்கே ஆட்டம் என்று சொல்லிவிடுவாராம். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கோப்பியைக் கீழே வைத்தேன். அந்த ரிவோல்வர் எனக்கு முன்னர் உங்கள் கையில் அல்லவா இருந்தது!

அப்படியானால் உருளை ஆடவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அன்று நீங்கள் என் கண்ணிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கலாமா என்று என்னிடம்தான் கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணாவைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. எங்கள் தெருவால் பொலிஸ் கார் மெதுவாகப் போனால் இப்போதும் யன்னலை விட்டு விலகி நிற்கிறேன். உங்களுக்குச் சொன்ன பொய்யும் அந்தப் பயத்தோடு கூடவே நிற்கிறது. அதற்கு அடுத்த சனிக்கிழமை, ஒன்றுமே நடக்காததுபோலச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இரவல் துவக்கால் சுட நீங்கள் புறப்பட்ட காட்சியும் அதோடு நிற்கிறது.