பெட்ரோல் வண்டிக்கு டீசல் கணக்கு

அனுப்புநர்:
பரிசோதனைக்கூட வண்டி ஓட்டுநரின் மனைவி,
தையற்கடை, பணியாளர் குடியிருப்பு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருத்துவமனை நிர்வாகம்.

பொருள்: பெட்ரோல் வண்டி டீசல் வண்டியைப் போல் ஓடாத குற்றத்துக்காக என் கணவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டது – விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கிளை மருத்துவமனைகளிலிருந்து ரத்த மாதிரிகளைக் கொண்டுவரும் வண்டியை என் கணவர் ஓட்டி வந்தார். பழைய டீசல் வண்டி போய், அதே அளவில், அதே வெள்ளை நிறத்தில் பெட்ரோல் வண்டி வந்தது. நிறம் மாறாததால் எஞ்சினும் மாறவில்லை என்று வாகனப் பிரிவு மேலாளர் அவர்கள் முடிவு கட்டிவிட்டார் போலும்.

2. டீசல் வண்டி லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் தந்தது. புது வண்டி பதினொன்றைத் தாண்டவில்லை. டீசல் எஞ்சின் காற்றை இறுக்கி அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைப்பதால் அதனிடம் கூடுதல் வேலை வாங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் டீசலில் சக்தியும் சற்று அதிகம். பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் டீசல்தான் அதிகம் ஓடும் என்பார்கள். மேலாளர் அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

3. மாறாக, ஷெட்டில் எல்லா ஓட்டுநர்களையும் நிற்க வைத்து, என் கணவரிடம், “டீசலை விட பெட்ரோல் விலை ஜாஸ்திதானே? அப்ப ஓட்டமும் ஜாஸ்தியா வரணும்ல? மிச்சத்தை எங்க வித்த?” என்று கேட்டு, சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இந்த அறிவின்படி தங்கத்தை உருக்கி ஊற்றினால் வண்டி நிலவுக்கே போய்ச் சேர வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் வண்டி துடைக்கப் போய்விட்டார்கள். அவரவருக்கு அவரவர் சாவி முக்கியம்.

4. அன்றிலிருந்து என் கணவர் குடியிருப்பின் பின்வாசல் வழியாகத்தான் போய் வருகிறார். வழியில் கிடந்த ஸ்பானரைக்கூட ஷெட்டில் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் மனிதர் அவர். “விட்டுடு, பெரிய இடத்துல மோதாத” என்கிறார். என்னால் விட முடியவில்லை. வயிறு எரிகிறது, ஐயா.

5. ஆகவே, அந்த வண்டியை நிரப்பி மேலாளர் அவர்களிடமே ஒப்படையுங்கள். ஒரு வாரம் அவரே ஓட்டட்டும். என் கணவர் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். அப்போதும் லிட்டருக்குப் பதினான்கு வராவிட்டால், மிச்சப் பெட்ரோலைத் திருடியது யார் என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி உத்தரவிட வேண்டுகிறேன்.

இடம்: பணியாளர் குடியிருப்பு
நாள்: 12.03.2019

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஓட்டுநரின் மனைவி