பாலத்துப் படத்தில் மூன்று முறை செத்தவன்

அனுப்புநர்:
பஞ்சர் கடைக்காரர்,
பாலத்தடி, மேற்குச் சாலை.

பெறுநர்:
மாவட்ட நிர்வாக அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: போர் நினைவுக் கூடத்தில் உண்மைப் பதிவாகக் காட்டப்படும் பாலத்துப் படம் நடித்து எடுக்கப்பட்டது என அறிவிக்கவும், அதை நம்பி நிறுத்தப்பட்ட தேடுதலை மீண்டும் தொடங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நினைவுக் கூடத்தில் தினமும் ஓடும் கறுப்பு வெள்ளைப் படத்தில், பாலத்தின் மேல் சுடப்பட்டு விழுபவர்களில் மூன்று பேர் நான்தான். இதை எழுதும் நேரம் வரை உயிரோடு இருக்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. போர் முடிந்து சில வருடம் கழித்து, ஒரு படக் கம்பெனி, பாலத்தைக் கடக்க ஓடிய ஜனங்கள் சுடப்பட்ட அந்த நாளை அதே இடத்தில் நடித்துக் காட்ட எங்களைக் கூப்பிட்டது. ஆள் பற்றவில்லை. விழுந்தவன் எழுந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, கூட்டத்தின் பின்னால் நின்று மறுபடி ஓடிவர வேண்டும். முதலில் வெள்ளைச் சட்டை, பிறகு கட்டம் போட்ட சட்டை, கடைசியில் வெறும் பனியன். ஒரே ஆள் என்று தெரியாமலிருக்கக் குப்புற விழச் சொன்னார்கள். நான் நன்றாகச் சாகிறேன் என்று டைரக்டர் பாராட்டினார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

3. இப்போது அதன் கீழே 'அன்று எடுத்த உண்மைக் காட்சி' என்று எழுத்து ஓடுகிறது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, கட்டம் போட்ட சட்டைக்காரனைத் தன் தம்பி என்று அடையாளம் காட்டினார். தம்பி அன்று பாலத்தைக் கடக்கப் போனவர், திரும்பவில்லை. தங்கள் அலுவலகம் படத்தையே ஆதாரமாக வைத்து இறப்புச் சான்றிதழ் கொடுத்து, தேடுவதை நிறுத்திவிட்டது. வெள்ளைச் சட்டைக்கும் பனியனுக்கும் இதேபோல் சான்றிதழ் வாங்கிய வேறு இரண்டு குடும்பங்கள் அழுகின்றன.

4. மனசு கேட்காமல் அக்காவிடம் போய், அது நான் என்றேன். "என் தம்பி விழுறது எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேருந்து அவன் அப்படித்தான் விழுவான்" என்றார். வேறு வழியில்லாமல் கடைக்குள்ளேயே, வெட்டுத் துணிகளுக்கு நடுவே ஓடி விழுந்து காட்டினேன். அவர் மிஷினை விட்டு எழுந்து வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. திறந்ததும் என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அவன் எங்கப்பா?"

5. அன்றிலிருந்து பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் பின்னால் யாரோ ஓடிவருவது போலிருக்கிறது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உண்மையில் அங்கே விழுந்தவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. கூடத்தின் பொறுப்பாளரிடம் முறையிட்டபோது, "மூணு குடும்பம் நிம்மதியா இருக்கு, ஏங்க கெடுக்கிறீங்க?" என்றார். ஒரு குடும்பத்தின் நிம்மதியை ஏற்கெனவே கெடுத்துவிட்டேன் ஐயா.

6. ஆகவே, படத்தின் கீழ் 'நடித்து எடுத்தது' என எழுத உத்தரவிடுமாறும், மூன்று பேரையும் மீண்டும் தேடச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். அக்கா திருப்பிக் கொடுத்த இறப்புச் சான்றிதழை இத்துடன் இணைத்துள்ளேன். இது நான் விழுந்ததற்குக் கொடுத்த சான்றிதழ். அக்காவின் தம்பியைத் தேடச் சொல்லுங்கள் ஐயா, அவர் எங்கேயோ இன்னும் தனியாகக் கிடக்கிறார்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பஞ்சர் கடைக்காரர்

இடம்: பாலத்தடி
நாள்: மார்ச் 9