அரைஞாண் கயிறு தளர்ந்த சேதி

ஏங்க,

வில்லியனூர் சந்தைக்குப் போறேன். கேழ்வரகுக் கூழ் மூடி வச்சிருக்கேன். சாவி மீட்டர் பெட்டி மேல இருக்குது.

மூணு மாசமா நீங்க தினம் ஏரிக்கரையில நடந்தும் எடை அதே தொண்ணூத்திரெண்டு கிலோ. டீக்கடையில போண்டா தின்னுட்டு வரீங்கன்னு நேத்து சத்தம் போட்டேன். "இன்னா சந்தேகம் உனக்கு"ன்னு சாப்பிடாமயே படுத்துட்டீங்க.

நீங்க கழனிக்குப் போனப்புறம் ஆஸ்பத்திரி நர்ஸம்மா போன் பண்ணாங்க. நீங்க டெஸ்டுக்குக் குடுத்த ரத்தத்துல சர்க்கரை நல்லா கொறைஞ்சிருக்குதாம். எடை எறங்கலன்னாலும், நடந்தா ஒடம்பு சர்க்கரையை எரிச்சிடுமாம். நான் நம்பல. அப்புறந்தான் நெனப்பு வந்துச்சு: காலையில குளிக்கையில உங்க அரைஞாண் கயிறு ரெண்டு விரல் தளர்ந்து தொங்குச்சு.

சரி, நடக்கறது நெசந்தான்.

இப்படிக்கு,
தையல்

பி.கு.: மழையில கூட விடாம, அப்படி யாரு கூட நடக்கறீங்க? அறுந்த என் செருப்பைத் தச்சு வாங்கி வைங்க. நாளைக்கு நானும் வரேன்.